வண்டி ரெடி... கரன்ட் எங்கே?

1888-ம் வருடம். ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் மேன்ஹைம் என்கிற ஊர். பெர்த்தா பென்ஸ் என்கிற பெண்மணி தன்னுடைய இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். கணவர் கார்ல் பென்ஸுக்குத் தகவல் கிடையாது. சொன்னால் விடமாட்டார்!

புருஷன், பெண்டாட்டி சண்டை எல்லாம் இல்லை. அம்மாவைப் பார்க்கத்தான் போகிறார். ஊர் பெயர் ஃபோர்ட்ஸ்ஹைம். சுமார் 100 கிலோ மீட்டர் தூரம். ரயிலில் போயிருக்கலாம். குதிரை வண்டியில் போயிருக்கலாம். பெர்த்தா கிளம்பியது, கணவர் கண்டுபிடித்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில்! 1886-லேயே அதற்கு பேடன்ட் வாங்கியாகிவிட்டது. ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. "இது ஓடும். ரொம்ப தூரம் ஓடும்" என்று யாராவது ஓட்டிக் காட்டினால்தானே ஜனங்கள் நம்புவார்கள்? வீட்டுக்காரர் தயங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மா கிளம்பிவிட்டார்.

வழியில் ஏகப்பட்ட கூத்து. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியை எடுத்துக் குடைந்து சரிசெய்தார். அப்புறம்தான் பெரிய சிக்கல் வந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. 1888-ல் பெட்ரோல் பங்க்குக்கு எங்கே போவது? உலகத்திலேயே ஒன்று கூடக் கிடையாது.

விஸ்லோக் என்கிற சின்ன ஊர் வந்தது. பெர்த்தா நேராக அங்கிருந்த மருந்துக் கடைக்குப் போனார். 'லிக்ராயின்' என்று ஒரு சமாசாரம் கேட்டார். துணியில் கறை எடுக்க விற்கிற திரவம். பெட்ரோலுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். வண்டியில் ஊற்றினார்கள். வண்டி ஓடியது. அன்றைக்கே அம்மா வீடு போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக் கடையைத்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

நாம் மின்சார வண்டிகளின் கதைக்குத்தான் போகிறோம். நடுவில் மருந்துக் கடைக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. அந்தக் கடைக்காரரை மட்டும் மறந்துவிடாதீர்கள். கடைசியில் அவர் மறுபடியும் வருவார்.

*

ஒன்பது வருடம் தள்ளி, லண்டனுக்கு வாருங்கள். 1897 ஆகஸ்ட்.

தெரு முழுக்கக் குதிரை வண்டிகள். குதிரை என்றால் சாணமும் கூடவே வரும் இல்லையா? மழை பெய்தால் சாலை என்ன லட்சணத்தில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில்தான் வால்டர் பெர்சி என்கிற இளம் இன்ஜினீயர், மின்சார டாக்ஸிகளை லண்டனில் இறக்கினார். கறுப்பும் மஞ்சளும் கலந்த வண்டி. 'ம்ம்ம்' என்று ரீங்காரம் செய்துகொண்டே போனதால், ஜனங்கள் வைத்த செல்லப் பெயர் 'ஹம்மிங் பேர்ட்'. புகை இல்லை. சாணம் இல்லை. குதிரை மிரளுமோ என்கிற பயமும் இல்லை.

அடுத்த மாதமே ஒரு சாதனை! ஜார்ஜ் ஸ்மித் என்கிற டிரைவர், குடித்துவிட்டு மின்சார டாக்ஸியை ஒரு கட்டடத்தில் கொண்டுபோய் மோதினார். மோட்டார் வாகனத்தைக் குடிபோதையில் ஓட்டியதற்காகத் தண்டனை பெற்ற முதல் மனிதர் என்று சரித்திரத்தில் இடம் கிடைத்தது. ஆக, அந்தப் 'பெருமை'யும் மின்சார வண்டிக்கே.

சரி, இந்த டாக்ஸிகள் எங்கே சார்ஜ் செய்துகொண்டன? தெருவில் அல்ல. லாம்பெத் பகுதியில் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு கொட்டகை. பேட்டரி தீரத் தீர, அங்கே திரும்பி வந்தாகவேண்டும். தீர்ந்த பேட்டரியைக் கழற்றிவிட்டு, சார்ஜ் ஏற்றிய வேறொன்றை மாட்டி அனுப்புவார்கள். வண்டியின் எடை டன் கணக்கில். குண்டும் குழியுமான சாலையில் பேட்டரி அதிர்ந்து கெட்டுப்போனது. டயர்கள் தேய்ந்தன. செலவு எகிறியது. 1899-ல் கடையைக் கட்டிவிட்டார்கள்.

அதே வருடங்களில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், நியூயார்க்கிலும் இதே கதை. இன்னும் பெரிய அளவில்.

பிராட்வே சாலையில் ஒரு பழைய ஸ்கேட்டிங் அரங்கம். அதை வாங்கி, 'எலெக்ட்ரிக் வெஹிகிள் கம்பெனி' என்ற நிறுவனம் பேட்டரி மாற்றும் நிலையமாக்கியது. டாக்ஸி உள்ளே வரும். இயந்திரங்கள் அதன் வயிற்றிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பேட்டரிப் பெட்டியை அப்படியே இழுத்து எடுக்கும். வேறொரு பெட்டியைத் தள்ளிவிடும். சில நிமிடங்களில் வேலை முடிந்து, வண்டி அடுத்த சவாரிக்குக் கிளம்பிவிடும். 'பேட்டரி ஸ்வாப்பிங்' என்று இன்றைக்குப் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்களே, அது நம் கொள்ளுத் தாத்தா காலத்துச் சங்கதி!

1899 மே மாதம், இந்தக் கம்பெனியின் ஜேக்கப் ஜெர்மன் என்கிற டிரைவரை நியூயார்க் போலீஸ் பிடித்தது. குற்றம், அதிவேகம். எவ்வளவு வேகம் தெரியுமா? மணிக்கு 19 கிலோ மீட்டர்! சைக்கிள் போலீஸ்காரர் ஒருவர் துரத்திப் பிடித்தாராம். அமெரிக்காவில் வேகமாக வண்டி ஓட்டிக் கைதான முதல் ஆள் இவர்தான் என்கிறார்கள்.

சிரிப்பை விடுங்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள். 1900-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பின்படி, அந்த நாட்டில் தயாரான நீராவிக் கார்கள் 1,681. மின்சாரக் கார்கள் 1,575. பெட்ரோல் கார்கள் வெறும் 936. மூன்று பேர் ஓடிய பந்தயத்தில் பெட்ரோல் மூன்றாவது இடம்!

அப்படியானால் எப்படித் தோற்றது மின்சாரம்?

*

பேட்டரி மோசம். விலை அதிகம். பெட்ரோல் மலிவானது. ஃபோர்டு வந்தார். வழக்கமாகச் சொல்லப்படுகிற காரணங்கள் இவை. எல்லாமே உண்மைதான். ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

நீங்கள் 1900-ல் நியூயார்க்கில் வசிக்கும் ஒரு பணக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசையாக ஒரு மின்சாரக் கார் வாங்குகிறீர்கள். பிராட்வேயில் அந்த ஸ்கேட்டிங் அரங்கம் இருக்கிறதே, அங்கே போய் சார்ஜ் செய்துகொள்ளலாமா?

ம்ஹூம். அது கம்பெனி டாக்ஸிகளுக்கு மட்டும். உங்கள் வண்டியின் பேட்டரி வேறு சைஸ். மாட்டும் விதமே வேறு.

சரி, தெருவோரத்தில்?

இதற்கும் ஒருவர் யோசனை சொல்லாமல் இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'எலெக்ட்ரன்ட்' என்று ஒன்றை உருவாக்கியது. தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் பிடிக்கத் தெருவோரம் நிற்குமே 'ஹைட்ரன்ட்', அதுபோல இது மின்சாரத்துக்கு. ஒரு குட்டையான கம்பம். காசைப் போட வேண்டியது. ஒயரை மாட்ட வேண்டியது. போட்ட காசுக்குக் கரன்ட் வரும். ஊரெங்கும் இதை நட்டுவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று கனவு கண்டார்கள். நூற்றிருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய பொது சார்ஜிங் ஸ்டேஷன்!

கனவு ஊரெங்கும் முளைக்கவில்லை. ஏன்?

கம்பம் நடச் செலவாகும். வண்டிகள் நிறைய ஓடினால்தான் போட்ட காசு திரும்பும். ஆனால் கம்பங்கள் நிறைய இருந்தால்தான் ஜனங்கள் தைரியமாக வண்டி வாங்குவார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே சிக்கல்தான். அப்படியே ஒருவர் துணிந்து நட்டாலும், ஒரு வண்டி சார்ஜ் ஏற மணிக்கணக்கில் ஆகும். அதுவரை அடுத்தவர் என்ன செய்வார்?

தொழில்நுட்பத்திலும் ஒரு வில்லங்கம் இருந்தது. பேட்டரிக்குள் ஏற்ற வேண்டியது டி.சி. மின்சாரம், அதாவது ஒரே திசையில் பாய்வது. ஊர்களிலோ வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது ஏ.சி. மின்சாரம், திசை மாறி மாறிப் பாய்வது. ஓர் ஊரில் இது, பக்கத்து ஊரில் அது. நேரடியாக ஏ.சி.யை பேட்டரியில் கொடுத்தால் சார்ஜ் ஏறாது. பேட்டரிதான் பாழாகும்.

1902-ல் பீட்டர் கூப்பர் ஹெவிட் என்கிற அமெரிக்கர் இதற்கு வழி கண்டுபிடித்தார். கண்ணாடிக் குடுவைக்குள் பாதரசம். உள்ளே ஏ.சி. போகும், டி.சி.யாக வெளியே வரும். வேலை செய்யும்போது குடுவை நீல நிறத்தில் ஜொலிக்கும். பழைய மாயாஜாலப் படங்களில் மந்திரவாதியின் குகையில் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அப்படி. இதை வைத்து வீட்டிலேயே சார்ஜ் செய்யும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. 1912-ல் எடுத்த ஒரு புகைப்படம் ரொம்பப் பிரபலம். நீளமான கவுனும் தொப்பியும் அணிந்த ஒரு சீமாட்டி தன் 'கொலம்பியா' மின்சாரக் காரை கராஜில் நிறுத்தி, பக்கத்தில் இருக்கும் கருவியின் விசையைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

அந்தப் படத்தை நன்றாகக் கவனியுங்கள். அது ஒரு வீடு. சொந்த கராஜ் இருக்கிற வீடு.

வீட்டுப் பிரச்னை தீர்ந்தது. வெளியூர்ப் பிரச்னை தீரவே இல்லை. விளைவு, மின்சாரக் கார் என்பது வசதியான வீட்டுப் பெண்கள் ஊருக்குள் கடை கண்ணிக்குப் போய்வரும் வண்டியாகச் சுருங்கிப்போனது. பெட்ரோல் காரை மூலைக்கு மூலை கொண்டுபோய்ச் சேர்த்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது எந்த வண்டி தெரியுமா? 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்'. மின்சாரக் கார்! கணவருடைய காரைக் கைப்பிடி சுற்றி ஸ்டார்ட் செய்ய யாருக்கு வேண்டும் அந்த அவஸ்தை என்று நினைத்தாரோ என்னவோ.

ஆனால் அமெரிக்கர்களுக்கு அப்போது பிடித்திருந்த பைத்தியம், ஊர் சுற்றுவது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊருக்கு வெளியே கிளம்பிவிட வேண்டும். பெட்ரோல் வண்டிக்கு என்ன கவலை? மளிகைக் கடையில் டின்னில் விற்கும். இரும்புக் கடையில் விற்கும். ஒரு டின் வாங்கி வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டுகூடப் போகலாம். கடைக்காரர் ஒரு பீப்பாய் வாங்கி வைத்தால் போதும், வியாபாரம் ஆரம்பம்.

மின்சாரத்தை அப்படி டின்னில் அடைத்து விற்க முடியாது. ஒயர் இழுக்க வேண்டும். மின்சார நிலையம் வேண்டும். ஒரே மாதிரி வோல்டேஜ் வேண்டும். ஒரே மாதிரி பிளக் வேண்டும். இதெல்லாம் ஒரு கடைக்காரர் தன் கல்லாப்பெட்டியை நம்பிச் செய்கிற காரியமா? பத்துப் பேர் கூடிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தால்தான் நடக்கும். அந்தப் பத்துப் பேர் கடைசி வரை கூடவே இல்லை.

1912-ல் சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டருடன் 'காடிலாக்' கார் வந்தது. கைப்பிடி சுற்றும் அவஸ்தை ஒழிந்தது. பெட்ரோல் காரின் கடைசி அசிங்கத்தைத் துடைத்துவிட்டது மின்சாரம். தன் எதிரிக்குத் தானே மேக்கப் போட்டுவிட்ட மாதிரி!

*

ஓர் ஊர் வேறு மாதிரி யோசித்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட். அங்கே 1910-ல் ஊருக்குக் கரன்ட் கொடுக்கும் கம்பெனியே களத்தில் இறங்கியது. "லாரியை நீங்கள் வாங்குங்கள். பேட்டரியை வாங்க வேண்டாம். அது எங்கள் பொறுப்பு. தீர்ந்தால் வாருங்கள், மாற்றித் தருகிறோம். ஓடிய மைலுக்குக் கணக்குப் பார்த்துக் காசு கொடுத்தால் போதும்" என்பதுதான் ஏற்பாடு. லாரியும் பேட்டரியும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி முன்கூட்டியே பேசிவைத்துத் தயாரித்தார்கள்.

ஜோராக நடந்தது. 1924 வரை. அந்தப் பதினாலு வருடத்தில் வண்டிகள் ஓடிய மொத்த தூரம் 60 லட்சம் மைலுக்கு மேல். அதே பேட்டரி, அதே மோட்டார். பல ஊர்களில் ஓடாதது, இங்கே ஓடியது. வித்தியாசம், சார்ஜ் என்பதை யாரோ ஒருவர் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்பது மட்டும்தான்.

ஆனால் ஹார்ட்ஃபோர்ட் ஒரு தீவு மாதிரி. சுற்றிலும் பெட்ரோல் கடல். 1920-களில் அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு பங்க்குகள் வந்துவிட்டன. மின்சாரக் கார் ஒரு நீண்ட தூக்கத்துக்குப் போனது.

*

தூக்கம் கலைந்தது 1990-ல். கலிஃபோர்னியாவில் காற்று அவ்வளவு கெட்டுப்போயிருந்தது. "1998-ல் விற்கும் கார்களில் நூற்றுக்கு இரண்டாவது புகையே விடாததாக இருக்க வேண்டும்" என்று அந்த மாநிலத்தின் காற்று வாரியம் பெரிய கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. கம்பெனிகள் முனகிக்கொண்டே மின்சாரக் கார்களைச் செய்தன. அதில் நட்சத்திரம், ஜெனரல் மோட்டார்ஸின் 'இவி-1'. 1996 கடைசியில் வந்தது. விற்பனை கிடையாது, வாடகைக்கு மட்டும். ஓட்டியவர்கள் அதன்மீது பைத்தியமாக இருந்தார்கள்.

இங்கே பாருங்கள் வேடிக்கையை. நூறு வருடத்துக்கு முந்தைய அதே தப்பை மறுபடியும் செய்தார்கள்!

இவி-1-க்கு சார்ஜ் ஏற்றத் துடுப்பு மாதிரி தட்டையான ஒரு பிளாஸ்டிக் பலகை. அதைக் காரின் மூக்கில் இருக்கும் இடுக்கில் செருகினால், காந்தப்புலம் வழியாக மின்சாரம் ஏறும். உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளவே செய்யாது. மழையிலும் ஷாக் அடிக்காது. டொயோட்டாவும் நிஸானும் இதன் பக்கம். ஃபோர்டும் ஹோண்டாவும் "அதெல்லாம் வேண்டாம், சாதாரண பிளக் போதும்" என்று எதிர்ப் பக்கம். ஆகவே ஒரு பார்க்கிங்கில் துடுப்பு வைத்தால் பிளக் கார்களுக்குப் பிரயோஜனமில்லை. பிளக் வைத்தால் துடுப்புக் கார்களுக்குப் பிரயோஜனமில்லை. இருந்ததே கொஞ்சம் கார்கள். அதிலும் இரண்டு ஜாதி!

2001-ல் காற்று வாரியம் பஞ்சாயத்து பண்ணி, "பிளக்தான்" என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. மொத்தம் தயாரான இவி-1 கார்களே 1,117-தான். அரசின் விதிகள் தளர்ந்தன. 2003-ல் கம்பெனி திட்டத்தையே மூடியது. கார்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டார்கள். "விலைக்கே வாங்கிக்கொள்கிறோம், கொடுங்கள்" என்று ஓட்டியவர்கள் தெருவில் நின்று போராடியும் நடக்கவில்லை.

*

அடுத்த சுற்று 2010-ல், ஜப்பானில். டோக்கியோ மின்சாரக் கம்பெனியும் கார் கம்பெனிகளும் கூடி, வேகமாக சார்ஜ் ஏற்றும் ஒரு பொது பிளக்கைக் கொண்டுவந்தார்கள். பெயர் 'சாடெமோ'. ஜப்பானிய மொழியில் "டீ ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கும் வாக்கியத்தின் சத்தம் அந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது. நீங்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சார்ஜ் ஏறிவிடும் என்று அர்த்தம். என்ன அழகான பெயர்!

அமெரிக்க, ஐரோப்பிய கம்பெனிகளுக்கு அந்த டீ பிடிக்கவில்லை. 'சி.சி.எஸ்.' என்று வேறொரு பிளக்கைச் செய்தார்கள். 2012-ல் டெஸ்லா 'சூப்பர்சார்ஜர்' நிலையங்களைத் திறந்தது. அதற்கு மூன்றாவதாக ஒரு பிளக். சீனா நாலாவதாக ஒன்று. ஆக, ஆளுக்கொரு பிளக். அதே பிராட்வே ஸ்கேட்டிங் அரங்கம், கொஞ்சம் பெயின்ட் அடித்துத் திறந்த மாதிரி!

ஐரோப்பா இதில் கொஞ்சம் உஷார். பொது இடத்தில் எந்த பிளக் இருக்க வேண்டும் என்று 2014-லேயே சட்டம் போட்டுவிட்டது. அமெரிக்காவில் கம்பெனிகள் அடித்துக்கொண்டு அடித்துக்கொண்டு, கடைசியில் 2022 நவம்பரில் டெஸ்லா தன் பிளக்கின் வடிவத்தை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. 2023 மே மாதம் ஃபோர்டு ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் ஜெனரல் மோட்டார்ஸ். அதன் பிறகு வரிசையாக மற்றவர்கள். 1900-ல் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியவர்கள் ஒருவழியாக 2023-ல் பேசி முடித்தார்கள்.

*

நம் ஊர்க் கதை இல்லாமலா? 2001-ல் பெங்களூரில் 'ரேவா' என்கிற குட்டி மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. இங்கே பலரும் அதை வேடிக்கை பார்த்ததோடு சரி. அது 2004-ல் 'ஜி-விஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு லண்டனுக்குப் போனது. அங்கே நெரிசல் கட்டணம் கிடையாது என்கிற சலுகையால் நன்றாகவே ஓடியது. பெர்சியின் டாக்ஸிகள் ஓய்ந்து நூறு வருடம் கழித்து, லண்டன் தெருக்களில் மறுபடியும் ஒரு மின்சார வண்டி. அதுவும் பெங்களூரிலிருந்து!

இங்கே சார்ஜிங் ஸ்டேஷன் திறக்க இன்னொரு முட்டுக்கட்டை இருந்தது. 2003-ம் வருட மின்சாரச் சட்டப்படி, மின்சாரம் விற்க லைசென்ஸ் வேண்டும். ஒரு ஹோட்டல்காரர் தன் வாசலில் சார்ஜர் வைத்துக் காசு வாங்கினால், அது மின்சார விற்பனையா, இல்லையா? யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. 2018 ஏப்ரலில்தான் மத்திய மின்சார அமைச்சகம் "அது விற்பனை இல்லை, சேவை. லைசென்ஸ் தேவையில்லை" என்று தெளிவுபடுத்தியது. ஒரு காகிதம்தான். ஆனால் அது வரும்வரை கதவு பாதி மூடித்தான் இருந்தது. அதே வருடம் டிசம்பரில், நெடுஞ்சாலைகளில் 25 கிலோ மீட்டருக்கு ஒரு நிலையமாவது இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வந்தது.

ஸ்கூட்டர் விஷயத்தில் நம் பக்கத்து ஊர் ஒன்றும் இந்தக் கதைக்குள் வருகிறது. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஏதர் கம்பெனி, தான் உருவாக்கிய பிளக்கை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று 2021-ல் சொன்னது. 2023-ல் இந்திய தர நிர்ணய அமைவனம் அந்த வடிவத்தை ஒரு தேசியத் தரமாகவே ஏற்றுக்கொண்டது. எல்லா ஸ்கூட்டர் கம்பெனிகளும் அதற்கு மாறிவிடவில்லை. ஆனாலும் ஆரம்பம் நல்ல ஆரம்பம்.

இப்போது நீங்கள் மின்சாரக் காரில் சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்புகிறீர்கள். வழியில் ஒரு ஹோட்டலில் சார்ஜர். அதைப் பயன்படுத்துவதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, மெதுவான சார்ஜரா, வேகமானதா என்று பாருங்கள். மெதுவானதில் ஏ.சி. மின்சாரம் காருக்குள் வந்து, காரில் இருக்கும் கருவிதான் அதை டி.சி. ஆக்கும். ராத்திரி தங்குகிற இடத்துக்கு அது சரி. வேகமானதில் அந்த மாற்றும் வேலையை வெளியே நிற்கிற பெரிய பெட்டியே செய்துவிடும். ஹெவிட்டின் பாதரசக் குடுவைக்கு அது எள்ளுப்பேரன்.

இரண்டு, 80 சதவிகிதம் ஏறியதும் ஒயரைக் கழற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தியேட்டரில் முதலில் வருகிறவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். ஹவுஸ்ஃபுல் ஆகும் நேரத்தில் வருகிறவர்கள்தான் இடம் தேடித் தடுமாறுவார்கள். பேட்டரியும் அப்படித்தான். கடைசி 20 சதவிகிதம் ஆமை வேகத்தில் ஏறும். அந்த நேரத்தில் உங்களுக்குப் பின்னால் ஒருவர் குழந்தை குட்டிகளோடு வெயிலில் காத்துக்கொண்டிருக்கலாம். 1900-ல் எலெக்ட்ரன்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் காத்திருக்க வேண்டியிருந்த அதே 'அடுத்தவர்'தான் அவர்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனாலும், இந்தக் கம்பெனி சார்ஜருக்கு இந்த ஆப், அந்தக் கம்பெனிக்கு அந்த ஆப், அதில் முன்பணம் போட வேண்டும், ஓ.டி.பி. வர வேண்டும், ஹோட்டல் வாசலில் சிக்னலே இருக்காது என்று ஏதாவது ஒன்று முளைக்கத்தான் செய்கிறது. பிளக்கில் ஓரளவு ஒற்றுமை வந்துவிட்டது. இப்போது சண்டை செல்போனுக்குள் இடம் மாறியிருக்கிறது. இதையும் தீர்த்தால்தான், வீட்டில் கராஜ் இல்லாதவரும் தைரியமாக மின்சார வண்டி வாங்குவார். இல்லாவிட்டால் 1912-ல் எடுத்த அந்தப் புகைப்படம் மாதிரி, சொந்த வீடும் சொந்த பிளக்கும் இருக்கிறவர்களின் வண்டியாகவே அது நின்றுவிடும். அப்படி நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டோம்.

விஸ்லோக் மருந்துக் கடைக்காரரை மறந்துவிடாதீர்கள் என்று சொன்னேன் அல்லவா? 1888-ல் அவர் கடைக்குள் ஓர் அம்மா வந்தார். வேண்டியதைக் கேட்டார். காசு கொடுத்தார். வாங்கிக்கொண்டு போனார். "உங்கள் வண்டி எந்தக் கம்பெனி?" என்று அவர் கேட்கவில்லை. "எங்கள் ஆப் இருக்கிறதா?" என்றும் கேட்கவில்லை!